ரோமாபுரியின் ஜலக் கால்வாய்கள்

பூர்வத்தில் ரோமாபுரி ஜனங்கள் டைபர் நதியையும் கிணறு, ஊற்றுக்களையுமே நம்பியிருந்தனர். கி.மு. 312-ல் அப்பியஸ் கிளாடியஸ் என்னும் அதிகாரி முதற் கால்வாயை ஏற்படுத்தினார். கி.மு. 144-ல் தொடங்கிய மார்சியா கால்வாய் சுமார் 57 மைல் நீளமுள்ளது. அதில் பெரும்பாகம் பூமிக்குள்ளேயே சென்றது. பள்ளமான இடங்களில் மாத்திரம் கல் வளைவுகள் தாங்கி நின்றன. யந்திரம் எதுவுமின்றி, வாட்டத்தினாலேயே ஜலம் ஓடிற்று.

நகரத்தை அடைந்த ஜலம் பெருந்தொட்டிகளில் தேங்கி, குழாய்களின் வழியாகப் பொதுத் தொட்டிகளுக்கும், ஸ்நான கட்டிடங்களுக்கும், அனுமதி பெற்ற வீடுகளுக்கும் பிரிந்தது. அவரவர் பங்கை அளப்பதற்காக முத்திரையிட்ட வெண்கலக் குழல் பொருத்துவது சட்டம்.

கி.பி. 97-ல் இக்கால்வாய்களின் மேற்பார்வைக்கு நியமிக்கப்பட்ட பிராண்டினஸ் என்பவர் தணிக்கை செய்தபோது, முத்திரையில்லாத குழல்களையும், களவாகத் துளைத்த குழாய்களையும் கண்டார். சிப்பந்திகளே இதற்கு உடந்தையாயிருந்தனர். வழியிலுள்ள நிலக்காரர்களும் கால்வாயை உடைத்துத் தங்கள் தோட்டங்களுக்குப் பாய்ச்சி வந்தனர். இவற்றை நிறுத்தியதால் மீண்ட ஜலம், புதிய ஊற்றுக்கள் கிடைத்ததற்கு ஒப்பாயிற்று என்று அவர் எழுதியிருக்கிறார்.

மரங்களின் வேர் கட்டிடத்தைப் பிளக்காதிருக்க, நகருக்கு வெளியே கால்வாயின் வளைவுகளுக்கும் சுவர்களுக்கும் இருபுறமும் 15 அடி நிலம் காலியாக விடப்பட்டது. பழுது பார்க்க 700 பேர் கொண்ட வேலைக்கூட்டம் இருந்தது. பொதுச் சொத்தைக் கட்டி முடிப்பதோடு கடமை தீர்வதில்லை. நேர்மையாய் அளந்து பகிர்ந்து, தவறாமல் செப்பனிட்டு வந்தாலன்றி அதன் பயன் நிலைக்காது.