அறுவை சிகிச்சைக்குப் பணம் திரட்டும் முன்

பைக் விபத்தில் அடிபட்ட இளைஞருக்கு உடனே அறுவை சிகிச்சை. சில லட்சம் வேண்டும். செய்தி வந்ததும் நண்பர்கள் அவர் படத்தையும் ஒரு ஜிபே எண்ணையும் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார்கள். ஊரைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அவருக்கு உரிமையாக வரவேண்டிய பணத்தை முதலில் கேட்டுவிட வேண்டும்.

அரசுத் திட்டங்கள்

தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேர சிகிச்சையை ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் ஏற்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய இத்திட்டத்துக்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை. வெளிமாநிலத்தவருக்கும் பொருந்தும். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். தொகைக்கு உச்சவரம்பு உண்டு.

அதன் பிறகு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். தனியார் மருத்துவமனை கேட்கும் முழுத் தொகையும் வந்துவிடாது. எவ்வளவு வரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களில் பெரிய எலும்பு, தலைக்காய அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. நோயாளியை அங்கே மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

மதிப்பீட்டுக் கடிதம்

இனிதான் நன்கொடை. அதற்கு முதல் ஆவணம் மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டுக் கடிதம். அறுவை சிகிச்சைக் கட்டணம், பிளேட், ஸ்க்ரூ, ஐ.சி.யூ. நாள் வாடகை, மருந்து ஆகியவை அதில் தனித்தனியாக இருக்கட்டும். முதலமைச்சர், பிரதமர் நிவாரண நிதிகளுக்கு விண்ணப்பிக்கவும் இக்கடிதம் உதவும்.

கேட்கும்போது கணக்கை விரித்துச் சொல்லுங்கள். உதாரணமாக: மொத்தச் செலவு 4 லட்சம், காப்பீடு 2 லட்சம், குடும்பம் புரட்டியது 80,000, குறைவது 1,20,000. வெறுமனே ‘4 லட்சம் வேண்டும்’ என்பதைவிட இதை நம்பிக் கொடுப்பவர்கள் அதிகம்.

பணம் நேரே மருத்துவமனைக் கணக்கில், உள்நோயாளி எண்ணைக் குறிப்பிட்டுச் செலுத்தப்படுவதே உத்தமம். முடியாதபோது நோயாளி அல்லது பெற்றோர் கணக்கு. கூட்டுநிதி இணையதளம் வழியாகத் திரட்டினால் அவர்கள் பிடித்துக்கொள்ளும் கட்டணத்தை முன்பே பாருங்கள்.

செய்தியில் தேதி போடுங்கள். மோசடிக்காரர்கள் உண்மையான வேண்டுகோளை எடுத்து க்யூஆர் கோடை மட்டும் மாற்றிப் பரப்புவதுண்டு. கொடுப்பவர்களும் மருத்துவமனையின் பில்லிங் பிரிவுக்கு ஒரு போன் போட்டு விசாரித்துவிடலாம். தொகை சேர்ந்ததும் ‘போதும், இனி அனுப்ப வேண்டாம்’ என்று அறிவித்து, வரவு செலவையும் வெளியிடுங்கள்.

ரத்தக் காயப் படங்கள் வேண்டாம். அந்தப் பிள்ளை நாளை வேலைக்குப் போக வேண்டும், கல்யாணம் செய்ய வேண்டும். படம் இணையத்தை விட்டுப் போகாது. நினைவோடு இருந்தால் அவரிடமே சம்மதம் கேளுங்கள்.

அறுவைக்குப் பிறகு

செலவு டிஸ்சார்ஜ் அன்று முடிவதில்லை. பிசியோதெரபி, மறுபரிசோதனை, போக்குவரத்து, சம்பளம் இல்லாத மாதங்கள் எல்லாம் வரிசையில் நிற்கும். இதையும் மதிப்பீட்டில் சேர்த்தே கேளுங்கள்.

இன்னொரு வாகனத்தின் மீது தவறென்றால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடரலாம். எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சுருக்கம், ஒவ்வொரு பில்லும் தேவைப்படும். தகுதியுள்ளவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும். விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது சட்டம். படுக்கையில் இருப்பவரால் அலைய முடியாது. நண்பர்களில் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.