வண்டி எண்ணும் வலைக் கருவியும்: தகவலுக்கு ஒரு படிவம்

பெங்களூருக்குப் பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர் ரயில் பாதையிலும், பட்டாளத்திலும், தொழிற்சாலைகளிலும் உழைத்தார்கள். 1948இல் இந்நகரில் தொடங்கப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் இன்று கணினி நிறுவனங்களில் 'நெட்வொர்க்' வேலை பார்க்கிறார்கள். "பையன் என்ன வேலை செய்கிறான்?" என்று கேட்டால், "ஏதோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறான்" என்று மட்டும் பெற்றோர் சொல்கிறார்கள்.

நான் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன், ஆஸ்டின் டவுன்வாசி. பிள்ளைகள் செய்யும் அந்த வேலையில் ஒரு சிறு பகுதியை, அதாவது கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் படிவங்களை, எனக்குப் பழகிய ரயில்வே பாஷையில் விளக்க முயல்கிறேன். வீட்டில் டிப்ளமோ படிக்கும் பிள்ளை இருந்தால் இதைத் தவறாமல் படிக்க வேண்டுகிறேன்.

இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள்

அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கு இடையே உள்ள பிளாக் கருவி பழுதாகிவிட்டால் வண்டிகள் நின்றுவிடுவதில்லை. இந்த நிலைய மாஸ்டர் தொலைபேசியில் லைன் கிளியர் கேட்பார். அந்த நிலைய மாஸ்டர் கொடுப்பார். ஆனால் "சரி, அனுப்புங்கள்" என்ற வாய்வார்த்தை போதாது. எந்த வண்டி, எத்தனை மணி, அதற்குச் சாட்சியாக ஒரு பிரைவேட் நம்பர் எல்லாம் சொல்லப்பட்டு, இரு பக்கத்துப் பதிவேடுகளிலும் ஏற வேண்டும். ஒருமுறை கொடுத்த பிரைவேட் நம்பரை அடித்துவிட வேண்டும். மறுபடி அதைக் கொடுக்கக் கூடாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? சொல்பவர் ஒன்றை நினைத்துச் சொல்ல, கேட்பவர் வேறொன்றாக எடுத்துக்கொண்டால் எதிரெதிரே இரு வண்டிகள் வந்துவிடும். ஆகவே எதைச் சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தைத்தான் நான் படிவம் என்கிறேன். கணினித் துறையில் 'டேட்டா ஃபார்மட்' என்பதும் இதுவே.

கையால் தட்டிய காலம்

அலுவலகங்களில் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச், ரவுட்டர் என்னும் பெட்டிகளை முன்பெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, கட்டளைகளைக் கையால் தட்டித்தான் அமைப்பார்கள். பத்துப் பெட்டி என்றால் தட்டிவிடலாம். ஆயிரம் பெட்டி என்றால்? ஒரு நிரலை எழுதி அதையே தட்டச் செய்தார்கள். பெட்டி தரும் பதிலோ மனிதன் திரையில் பார்த்துப் படிப்பதற்காக அமைந்தது. கம்பெனி மென்பொருளை மாற்றும்போது ஒரு வார்த்தை இடம் மாறி நின்றாலும் நிரல் குழம்பிவிடும்.

2002இல் இணையக் கட்டமைப்பு வாரியம் கூட்டிய ஒரு பட்டறையில், வலைகளை நடத்துகிறவர்கள் தங்கள் தேவைகளை எடுத்துரைத்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2006இல் 'நெட்கான்ஃப்' என்னும் நெறிமுறை வெளிவந்தது. 2017இல் 'ரெஸ்ட்கான்ஃப்' வந்தது. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கும் அதே வழியில், ஒரு நிரல் பெட்டியிடம் தகவல் கேட்கவும் மாற்றவும் இது உதவுகிறது. இப்படிக் கேட்டு வாங்குவதற்கென்று வைத்திருக்கும் கவுண்டருக்குத்தான் 'ஏ.பி.ஐ.' என்று பெயர். நம் முன்பதிவு அலுவலகக் கவுண்டரைப் போல, படிவத்தைச் சரியாகப் பூர்த்தி செய்து நீட்டினால்தான் உள்ளே வேலை நடக்கும்.

மூன்று படிவங்கள்

இந்தக் கவுண்டர்களில் பெரிதும் புழங்குபவை மூன்று. ஆஸ்டின் டவுனில் 24 போர்ட் உள்ள ஒரு ஸ்விட்ச் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே தகவல் மூன்று விதமாக எழுதப்படுவதைப் பாருங்கள்.

முதலாவது எக்ஸ்.எம்.எல். 1998இல் தரமாக அறிவிக்கப்பட்டது:

<ஸ்விட்ச்><இடம்>ஆஸ்டின் டவுன்</இடம்><போர்ட்>24</போர்ட்></ஸ்விட்ச்>

ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் ஒரு பெயர்ப்பலகை, பின்னால் ஒரு பெயர்ப்பலகை. பிழைக்கு இடம் குறைவு. ஆனால் எழுத்து அதிகம். நெட்கான்ஃப் இதைத்தான் பயன்படுத்துகிறது.

இரண்டாவது ஜேசான். டக்ளஸ் கிராக்ஃபோர்டு என்பவர் 2001 வாக்கில் இதை வகுத்துப் பரப்பினார்:

{"கருவி": "ஸ்விட்ச்", "இடம்": "ஆஸ்டின் டவுன்", "போர்ட்": 24}

வளைந்த அடைப்புக்குள் பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக நிற்கின்றன. பட்டியல் என்றால் சதுர அடைப்பு. சுருக்கமாக இருப்பதால் இன்று இணையம் முழுவதும் பரவிவிட்டது. ரெஸ்ட்கான்ஃப் முறையில் எக்ஸ்.எம்.எல்., ஜேசான் இரண்டுமே செல்லும். ஆனால் ஜேசானில் கடைசி மதிப்புக்குப் பின் ஒரு காற்புள்ளி கூடுதலாக விழுந்தாலும் படிவம் செல்லாது.

மூன்றாவது யாமல். இதுவும் 2001இல் தோன்றியதே:

கருவி: ஸ்விட்ச்
இடம்: ஆஸ்டின் டவுன்
போர்ட்: 24

அடைப்புகள் வேண்டாம், மளிகைச் சீட்டுப் போல எழுதலாம். எது எதற்குள் அடங்கியது என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே காட்டும். 2012இல் வெளிவந்த 'ஆன்சிபிள்' போன்ற தானியங்கிக் கருவிகளுக்கு மனிதர்கள் எழுதித் தரும் வேலைத்திட்டம் பெரும்பாலும் இதில்தான் இருக்கும்.

எண்ணா, எழுத்தா?

மேலே உள்ள ஜேசான் வரியில் "ஸ்விட்ச்" மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. 24 அப்படி இல்லை. மேற்கோளுக்குள் இருந்தால் அது எழுத்து. இல்லாவிட்டால் எண், கணக்குப் போடத்தக்கது. ரயில்வேக்காரனாகிய எனக்கு இந்த விஷயத்தின் உயிர்நாடி இதுதான் என்று படுகிறது.

2010 டிசம்பர் 20 முதல் நம் பயணிகள் வண்டிகளின் எண்கள் அனைத்தும் ஐந்து இலக்கமாயின. 2639 ஆக இருந்த பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் 12639 ஆயிற்று. இந்தப் புதிய முறையில் சிறப்பு வண்டிகளின் எண் 0 என்று தொடங்கும். அந்த முதல் சைபரை வெறும் எண்ணாக நினைத்து விட்டுவிட்டால் ஐந்து இலக்கம் நான்காகிவிடும். ஜேசானில் 0 முன்னால் நிற்கும் எண்ணை மேற்கோள் இல்லாமல் எழுதவே அனுமதி இல்லை. ஆகவே வண்டி எண்ணை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். பார்வைக்கு எண்ணாக இருந்தாலும் உண்மையில் அது பெயர். இரண்டு வண்டி எண்களை யாராவது கூட்டிப் பார்ப்பதுண்டா? பெங்களூரின் 080 என்ற தொலைபேசிக் குறியீட்டுக்கும் இதே நியாயம்தான்.

யாமலில் வேறொரு வேடிக்கை. அதன் 1.1 பதிப்பில், வண்டி நேரம் 14:30 என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால், அறுபதின் அடிமான எண் என்று கருதி 870 எனப் படித்துவிடும். 14 மணியை 60 ஆல் பெருக்கி 30ஐக் கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாகத்தான் இருக்கும்! அதேபோல் நார்வே நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடான 'என்-ஓ'வை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். 2009இல் வந்த 1.2 பதிப்பில் இவை திருத்தப்பட்டன. ஆனால் பழைய விதிப்படி படிக்கும் மென்பொருள்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. மேற்கோள் குறி போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை.

படிவம் சரி, விவரம் சரியா?

நம்மவர்களுக்குப் பழக்கமான தொல்லை ஒன்று. வெளியூர்ப் படிவங்களில் 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்றிருக்கும். நமக்கோ தகப்பனார் பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். வேறு வழியின்றித் தகப்பனார் பெயரை எழுதிவிட்டு வருகிறோம். பிறகு அந்தப் பெயரைச் சொல்லி நம்மை அழைக்கிறார்கள். படிவம் பூர்த்தியாகிவிட்டது, பொருள் மாறிவிட்டது.

வலைக் கருவிகளிலும் இதே நிலைதான். அடைப்பும் காற்புள்ளியும் சரியாக இருப்பதால் மட்டும் செய்தி சரியாகிவிடாது. எந்த இடத்தில் எண் வர வேண்டும், எது கட்டாயம், எது விருப்பம் என்று வரையறுக்க 2010இல் 'யாங்' என்னும் மொழி வந்தது. படிவத்தை அச்சடிக்கும் முன் அதன் கட்டங்களைத் தீர்மானிப்பது போன்ற வேலை இது. அந்தக் கட்டங்களைப் போடும் இடத்தில் பலவகை மக்களை அறிந்தவர்கள் இருப்பது நல்லது.

தமிழும் தங்குதடையின்றிப் போகும்

தொண்ணூறுகளில் ஒரு கணினியில் அடித்த தமிழ் மற்றொரு கணினியில் கொக்கியும் கோடுமாகத் தெரிந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியீடு வைத்திருந்ததே காரணம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியீடுகள் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. 2017இல் வெளியான ஜேசான் விதி, பொதுவாகப் பரிமாறப்படும் எந்தச் செய்தியும் யூனிகோடின் யு.டி.எஃப்.-8 முறையிலேயே இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே மேலே நான் எழுதிய தமிழ் ஜேசான் வரியை விதிப்படி நடக்கும் எந்த நாட்டுக் கணினியும் அப்படியே ஏற்கும்.

நம் பிள்ளைகளுக்கு

சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சி.சி.என்.ஏ. தேர்வைப் பாலிடெக்னிக் முடித்த நம் பிள்ளைகள் பலர் எழுதுகிறார்கள். 2020 பிப்ரவரி 24 முதல் அதன் பாடத்திட்டத்தில் தானியங்கி முறைக்கு 10 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. ஜேசான் தகவலைப் படித்தறிவதும் அதில் ஒன்று. கட்டளை தட்டுவதை மட்டும் கற்றவருக்கு இனி வேலை சுருங்கும். படிவத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது விரியும்.

இதற்குப் பெரிய பட்டமோ, பெருஞ்செலவோ தேவையில்லை. ஜேசான் விதிகளை ஒரே மாலையில் படித்துவிடலாம். பிள்ளைகள் தங்கள் வீட்டு முகவரியையும், குடும்பத்தார் பெயர்களையும், ஊருக்குப் போகும் வண்டியின் எண்ணையும் நேரத்தையும் மூன்று படிவங்களிலும் எழுதிப் பழகட்டும். ஒவ்வொரு மதிப்பின் முன்னும் "இது எண்ணா, எழுத்தா?" என்று கேட்டுக்கொள்ளட்டும். பெற்றோரும் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். சில நாட்களில் பிள்ளை செய்யும் வேலை இன்னதென்று நீங்களே மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வீர்கள்.