முகம் தெரியாத ஹாவர்டும் சிலை இல்லாத அஷ்ரஃபும்

அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க வருவோர், ஜோன் ஹாவர்ட் சிலையின் இடது சப்பாத்தை வரிசையில் நின்று தடவுகிறார்கள். தடவினால் அதிர்ஷ்டமாம். வெண்கலம் முழுக்கக் கறுத்துக் கிடக்க, சப்பாத்து நுனி மட்டும் பொன்னாய்ப் பளபளக்கிறது. அங்கே படிக்கிறவர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. இரவில் சில குறும்பர்கள் அதன்மேல் 'ஒன்றுக்குப்' போவது அவர்களுக்குத் தெரியும். ஆனால் பட்டமளிப்பு நாளில் சிலையைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றி மரியாதை செய்வார்கள்.

டானியல் செஸ்டர் பிரெஞ்ச் 1884 இல் வடித்த இந்தச் சிலைக்கு 'மூன்று பொய்ச் சிலை' என்றே பட்டப்பெயர். 'ஜோன் ஹாவர்ட், நிறுவுநர், 1638' என்கிறது பீடம். கல்லூரி பிறந்ததோ 1636 இல். நிறுவியது மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் மன்றம், ஹாவர்ட் கொடையாளி. முகமும் அவருடையதல்ல. அவருடைய படம் எதுவும் கிடைக்காததால், ஷேர்மன் ஹோர் என்ற இளைஞரை உட்கார வைத்துச் சிற்பி வேலையை முடித்தார்.

கொடை மட்டும் பொய்யில்லை. 1638 இல் இறந்தபோது சொத்தில் பாதியையும் ஏறத்தாழ 400 நூல்களையும் கல்லூரிக்கு விட்டுச் சென்றார். 1764 இல் நூலகம் எரிந்தது. அவர் கொடுத்தவற்றில் இரவல் போயிருந்த ஒரு நூல்தான் தப்பியது என்பார்கள்.

சிலை வைப்பது இலங்கையின் கிழக்கே நம் கரையோர முஸ்லிம் ஊர்களில் வழக்கமில்லை. ஆனால் பல்கலைக்கழகம் ஒன்று உருவாகக் காரணமானவர் இங்கும் உண்டு. யுத்தத்தால் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் நம் பிள்ளைகளின் படிப்பு முறிந்தபோது, அரசியல் தலைவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உருவானது. 1995 இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 இல் முழுப் பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் நிலைகொண்டது. இன்று சிங்கள, தமிழ் மாணவர்களும் அங்கே படிக்கிறார்கள்.

ஹாவர்டின் முகம் யாருக்கும் தெரியாது. அஷ்ரஃபின் முகமோ தேர்தல் வந்தால் கல்முனைச் சுவரெல்லாம் இருக்கும். அவர் 2000 செப்டம்பர் 16 இல் ஹெலிகொப்டர் விபத்தில் மரணித்தார். அந்த நாளில் கத்தமுல் குர்ஆன் ஓதி துஆச் செய்கிறோம். இப்போது கம்பஸுக்கு வருபவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். 'நான் எனும் நீ' எழுதிய கவிஞரான அஷ்ரஃபை அவர்கள் போஸ்டரில் மட்டும் கண்டால் போதாது.

ஒலுவில் மாணவர்களுக்கு ஒரு யோசனை: ஹாவர்டைப் போல, பட்டம் பெற்று வெளியேறும் ஒவ்வொருவரும் அஷ்ரஃபின் நினைவாக நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடுத்துவிட்டுப் போகலாம். ஸதகத்துல் ஜாரியாவாக அது நிலைக்கும். செலவும் பட்டமளிப்பு நாள் போட்டோவுக்கு ஆவதைவிடக் குறைவுதான்.