வகுப்பறையும் மதிப்பலகும்



"கல்லூரிக்குச் செல்லாமலே கல்லூரிப் படிப்பைப் பெறலாமா?" நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியன், ஆகவே இவ்வினா என் வீட்டுத் திண்ணைக்கு அடிக்கடி வருகிறது. பதினெட்டு வயது இளைஞனும் கேட்கிறான். நாற்பது வயதுத் தாயும் கேட்கிறார். வினா ஒன்றுதான். ஆனால் இருவருக்கும் ஒரே விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். மாணவர் வாயில் இன்று 'கிரெடிட்' என்னும் சொல் அடிக்கடி அடிபடுகிறது. தமிழில் அதனை மதிப்பலகு எனலாம். நெல்லை அளக்க மரக்கால் இருப்பது போல, படிப்பை அளக்க ஏற்பட்ட அளவை அது. வாரத்திற்கு ஒரு மணி வீதம் ஒரு பருவம் முழுவதும் விரிவுரை கேட்டால் ஓர் அலகு என்பது கல்லூரிக் கணக்கு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ, 30 மணி நேரப் படிப்புழைப்பை ஓர் அலகு என்று கொள்கிறது. பாடத்தைப் படிப்பதும் ஒப்படைப்பு எழுதுவதும் அதனுள் அடங்கும். முன்னது வகுப்பில் அமர்ந்த நேரத்தை அளக்கிறது. பின்னது உழைத்த நேரத்தை அளக்கிறது. மூன்றாவது முறை ஒன்றும் உண்டு. நேரத்தைப் பொருட்படுத்தாமல், ஒருவர் அறிந்ததைத் தேர்வு வைத்து அளப்பது அது.

இம்மூன்றாவது முறை புதுமையன்று. 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் தன் தொடக்க காலத்தில் தானே பாடம் நடத்தவில்லை. கற்பித்தது கல்லூரி, பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் அளித்தது. இலண்டன் பல்கலைக்கழகம் 1858-இலேயே, எங்கிருந்து படித்தவரும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று வாயிலைத் திறந்துவிட்டது.

இம்முறையை மிக விரிவாகக் கையாளும் நாடு அமெரிக்கா. அங்கே இரு வழிகள் உள்ளன. ஒன்று, 1950-களின் நடுவில் தொடங்கிய 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' என்னும் திட்டம். உயர்நிலைப் பள்ளியில் பயிலும்போதே கல்லூரித் தரத்துப் பாடத்தைப் படித்துத் தேர்வெழுதலாம். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் உண்டு. நல்ல மதிப்பெண் பெற்றவருக்குக் கல்லூரி அப்பாடத்திற்குரிய அலகைத் தரலாம். மற்றொன்று, 1967-இல் தொடங்கிய 'கிளெப்' தேர்வு. நூலகத்தில் படித்தீர்களா, படைவீட்டில் படித்தீர்களா, தொழிலில் கற்றீர்களா என்று அத்தேர்வு கேட்பதில்லை. 20 முதல் 80 வரையுள்ள அளவில் 50 பெற்றால் அலகு தரலாம் என்பது பரிந்துரை. எனினும் ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் உரிமை.

இங்கே ஒன்றை உற்று நோக்க வேண்டும். முதல் வழி இளையோருக்கானது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர் முன்னிலையில் ஓராண்டு படித்த பிறகே தேர்வுக்குச் செல்கின்றனர். இரண்டாவது வழியில் வகுப்பு கட்டாயமில்லை. வயது வந்தோர் பலருக்கு அதுவே கைகொடுக்கிறது. இந்த வேறுபாடு தற்செயலானதன்று. என் வாழ்விலும் அதனை நான் கண்டேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்து இடைநிலை ஆசிரியனான நான், 1980-களில் அஞ்சல்வழியில் பட்டப்படிப்புப் படித்தேன். பாடக்கட்டுகள் தபாலில் வரும். பள்ளி விட்டதும் விளக்கடியில் அமர்வேன். விடுமுறையில் நடந்த நேர்முக வகுப்பு ஒன்றில் ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். தீவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 'இஸ்லாண்டு' என்று படித்தேன். பேராசிரியர் சிரிக்கவில்லை, "ஐலண்டு" என்று மெல்லத் திருத்தினார். எனக்கு வேர்த்துவிட்டது. அவமானத்தினால் மட்டும் அன்று. நான்கு ஆண்டுகளாக அவ்வாறே என் மாணவர்க்குக் கற்பித்திருந்தேன் என்ற நினைவினால். கண்ணால் படித்தவனுக்குக் காதால் கேட்டுத் திருத்த ஒருவர் வேண்டும். என் பிழையை எந்தத் தபாலும் கேட்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எங்கள் பள்ளிச் சத்துணவு அமைப்பாளர் ஓர் அம்மையார். கணவரை இழந்தவர்; பத்தாம் வகுப்போடு நின்றவர். தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, பின் திறந்தநிலையில் வணிகவியல் சேர்ந்தார். ஒருநாள், "சார், பதினைந்து வருஷமா நான் எழுதற இருப்புப் பேரேட்டையே இப்பப் பாடமாப் படிக்கிறேன்" என்றார். தெரிந்ததைப் படிக்கவும் அவர் கட்டணமும் காலமும் கொடுக்க வேண்டியிருந்தது. 'கிளெப்' போன்ற தேர்வு இருந்திருந்தால் அப்பகுதியை ஒரே நாளில் கடந்திருப்பார். ஆயினும் தேய்மானக் கணக்கு வந்தபோது அவரும் திகைத்தார். அரிசிக்கும் பருப்புக்கும் தேய்மானம் எழுதுவாரில்லை அன்றோ? வணிகவியல் ஆசிரியர் ஒருவரிடம் அனுப்பினேன். இரண்டு மாலைகளில் தெளிந்துவிட்டார். அனுபவம் அவருக்குப் பாதி வழியைக் குறைத்தது. மீதிப் பாதிக்கு ஆசிரியர் தேவைப்பட்டார்.

நம் நாட்டிலும் வாயில்கள் திறந்து வருகின்றன. 2017-இல் 'ஸ்வயம்' என்னும் இணையவழிக் கல்வி தொடங்கியது. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை அதன் வழியாகப் படிக்கக் கல்லூரிகள் இசையலாம் என்று 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. ஈட்டிய அலகுகளைச் சேமித்து வைக்க அதே ஆண்டில் கல்வி அலகு வங்கி ஏற்பட்டது. தொழில் அனுபவத்துக்கும் அலகு தரலாம் என்னும் கொள்கையை 2023-இல் வெளியான தேசிய மதிப்பலகுக் கட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. இது எழுத்தில் நில்லாது நடைமுறையில் பரவுமானால், அந்த அம்மையார் போன்றோர்க்குப் பெரும் நன்மை.

எச்சரிக்கை ஒன்றும் சொல்லியாக வேண்டும். பத்தும் பன்னிரண்டும் முறையாகத் தேறிய பின்னர்ப் பெற்ற திறந்தநிலைப் பட்டமே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்று 2009-இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. படிகளைத் தாண்டிப் பட்டம் வாங்கிவிட்டுப் பின்னர்க் கலங்கியோர் உண்டு. பணம் கட்டுமுன், அப்படிப்புக்கு மானியக் குழுவின் ஏற்பு உண்டா என்று பாருங்கள். நாடும் வேலைக்கு அது செல்லுமா என்றும் விசாரியுங்கள்.

இனி, திண்ணைக்கு வந்த இருவருக்கும் என் விடை இது. தம்பி, உனக்கு வகுப்பறைக்குச் செல்லும் வாய்ப்பிருந்தால் அதை விடாதே. பாடத்தை எங்கும் பெறலாம். உன் பிழையைக் கேட்பவரும், உன்னோடு வாதிடும் தோழரும், நாள்தோறும் அமர்ந்து படிக்கும் பழக்கமும் அங்கேதான் எளிதில் கிடைக்கும். அம்மா, நீங்கள் தயங்க வேண்டா. வாழ்க்கை உங்களுக்குக் கற்பித்ததற்கு விலை உண்டு. அதனைத் தேர்வெழுதிப் பெறுங்கள். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரமாவது, நீங்கள் படித்ததைக் கேட்டுத் திருத்தக்கூடிய ஒருவர் எதிரே அமர்ந்து படியுங்கள்.