மூழ்கினாலும் சாகாத நெல்!

காரைக்கால், கடைமடைப் பகுதி. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். ஆனால் மழைத் தண்ணீர் வடியாமல் தேங்கி நிற்பதும் இங்கேதான்!

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால், நட்ட சம்பாப் பயிர் கண்ணுக்குத் தெரியாமல் மூழ்கிப்போகும். பத்து நாள் கழித்து வெள்ளம் வடியும். அப்போது வயலில் அழுகிய தாள்தான் கிடக்கும். நாற்று, உரம், நடவுக் கூலி எல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

அந்த வெள்ளத்திலும் பிழைக்கும் நெல் ஒன்று இப்போது இருக்கிறது. பெயர், "சி.ஆர்.1009 சப்-1". அது எப்படிப் பிறந்தது? கல்யாணம் செய்துவைத்துத்தான்!

நெல்லுக்கும் கல்யாணமா?

ஆம். நெல்லிலும் ஆண், பெண் உண்டு. இரண்டும் ஒரே பூவுக்குள் குடியிருக்கின்றன.

கதிர் வந்த வயலுக்குக் காலை 9 மணிக்கு மேல் போனால், பூ வாய் திறந்திருப்பதைப் பார்க்கலாம். வெளியே தொங்கும் ஆறு சின்னப் பைகள் ஆண் உறுப்புகள். அவற்றில் மகரந்தப் பொடி இருக்கிறது. உள்ளே, இறகுபோல இரண்டாகப் பிரிந்து நிற்பது பெண் உறுப்பு. பொடி அந்த இறகில் விழுந்து, சூலோடு சேர்ந்தால் கரு உண்டாகும். கருவுக்கு உணவாகச் சேரும் மாவுதான் அரிசி! ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பூ மூடிக்கொள்ளும். முகூர்த்தம் அவ்வளவுதான்.

வேறு ரகத்தோடு சேர்க்க வேண்டுமானால், விஞ்ஞானி தரகர் வேலை பார்க்க வேண்டும். முதல் நாள் மாலையே பூவின் நுனியைக் கத்தரித்து, ஆறு பைகளையும் இடுக்கியால் எடுத்துவிடுவார். ஒன்று தவறினாலும் காரியம் கெட்டது! பிறகு கதிருக்குக் காகித உறை மாட்டுவார். மறுநாள் காலை, வேறு ரகத்தின் பொடியைக் கொண்டுவந்து அதன்மேல் தூவுவார்.

பாதிக்குப் பாதி

நெல்லின் ஒவ்வொரு செல்லிலும் 24 குரோமோசோம்கள் உண்டு. 12 தாய் கொடுத்தவை. 12 தகப்பன் கொடுத்தவை. குணங்களைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் அவற்றில் வரிசையாக அமைந்திருக்கின்றன.

குணம் இறங்கிவரும் விதத்தைக் கண்டவர் மெண்டல் என்ற பாதிரியார். நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் அவர் கலந்தார். பிள்ளைகள் எல்லாம் நெட்டை! குட்டை ஒழிந்துவிட்டதா? இல்லை. பேரப்பிள்ளைகளில் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை தலைகாட்டியது. 1866-ம் ஆண்டு இதை அவர் வெளியிட்டார். உலகம் கவனித்தது 1900-ல்தான். அதற்குள் அவர் இறந்து 16 ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஒடிசாவின் சொத்து

ஒடிசாவில் ஒரு பழைய நாட்டு நெல் உண்டு. விளைச்சல் சுமார்தான். ஆனால் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் சாகாது! அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம், "எப்.ஆர்.13ஏ". அதன் ரகசியத்துக்குக் காரணமான மரபணுவை விஞ்ஞானிகள் 2006-ல் அடையாளம் கண்டார்கள். அதற்கு "சப்-1" என்று பெயர்.

சாதாரணப் பயிர் மூழ்கியதும் பதறும். காற்றைத் தேடி மேலே மேலே நீளும். சேர்த்துவைத்த சத்தெல்லாம் அதிலேயே செலவாகிவிடும். சப்-1 உள்ள பயிரோ வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சத்தைச் சேமித்து, சும்மா இருக்கும். வெள்ளம் வடிந்ததும் தழைக்கும். சும்மா இருப்பதும் ஒரு சாமர்த்தியம்தான்!

சி.ஆர்.1009 டெல்டாவுக்குப் பழகிய நெடுநாள் ரகம். அதற்கு இந்த மரபணுவைச் சேர்த்தார்கள். முதல் கலப்பில் பிறந்த பயிரில் பாதி நாட்டு நெல். அதை மறுபடியும் சி.ஆர்.1009 உடன் கலந்தால் சராசரியாகக் கால் பாகம். மீண்டும் கலந்தால் அரைக்கால். இப்படிக் குறைத்துக்கொண்டே போய், சப்-1 மட்டும் நழுவாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் நாற்றிலேயே சோதித்துப் பார்த்தார்கள்.

எல்லா ஆபத்துக்கும் இது மருந்தல்ல. இளம்பயிர் மூழ்கினால் காப்பாற்றும். கதிர் முற்றிச் சாய்ந்தபின் வரும் வெள்ளத்துக்கு உதவாது. கடல் நீர் புகுந்தால் அந்த உப்பையும் தாங்காது.

ஒரு வசதி உண்டு. இது ஆண்டுதோறும் கடையில் வாங்கவேண்டிய வீரிய ஒட்டு விதை அல்ல. நெல் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே கருத்தரிப்பதால், பிள்ளை தாயைப்போலவே இருக்கும். கலந்து முளைத்த வேற்றுப் பயிரைக் கதிர் வரும்போதே பிடுங்கிவிட்டு, நல்ல கதிர்களை அறுத்துக் காயவைத்தால், சொந்த வயலிலேயே அடுத்த சம்பாவுக்கு விதை தயார்!