நீல மலையும் கொடை மேளமும்

பாவூர்சத்திரத்தில் நின்று மேற்கே பாருங்கள். குற்றால மலை நீலமாகத் தெரியும். மலையடிக்கே போய் நின்றால் அந்த நீலத்தைக் காணோம். மரமும் புதரும் பச்சைப்பசேல் என்று நிற்கும். அப்படியானால் அந்த நீலம் எங்கிருந்து வந்தது?

நமக்கும் மலைக்கும் நடுவே இருக்கிற காற்றிலிருந்து!

சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறமும் உண்டு. ஒவ்வொரு நிறமும் ஓர் அலை. சிவப்பு நெட்டை அலை, நீலம் குட்டை அலை. எவ்வளவு குட்டை? ஒரு மில்லிமீட்டருக்குள் 2,000 நீல அலைகளுக்கு மேல் அடங்கிவிடும். காற்றின் மூலக்கூறுகளோ அதைவிட மிகமிகப் பொடிசு. இப்படிப் பொடிசான பொருளில் படும்போது நெட்டை அலை பெரும்பாலும் தன் வழியே போய்விடுகிறது. குட்டை அலைதான் நாலாபக்கமும் சிதறுகிறது. அந்தச் சிதறிய நீலம் வழியெல்லாம் சேர்ந்து, மலையின் பச்சையை மறைத்துவிடுகிறது. வானம் நீலமாக இருப்பதற்கும் இதுவே காரணம். 1871-ல் இதை இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரேலே கணக்குப் போட்டுக் காட்டினார்.

குற்றாலத்துப் பேரருவி மட்டும் ஏன் வெள்ளை? நீர்த்துளி ஒளியலையைவிடப் பல மடங்கு பெரியது. அதில் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறும். எல்லாம் கலந்தால் வெள்ளை. சாரல் காலத்து மேகமும் அப்படித்தான்.

சத்தமும் அலைதான், ஆனால் பெரிய அலை. நாம் பேசும் குரலின் அலை ஏறக்குறைய ஒரு மீட்டர். அதனால்தான் அது தூணைச் சுற்றி வளைந்து வருகிறது. தூணுக்குப் பின்னால் நிற்கும் அம்மா கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவர் கூப்பிடுவது கேட்கிறது.

கோயில் கொடைத் திருவிழா நடக்கும்போது தூரத்துத் தோப்புக்கு இந்தப்பக்கம் நின்று கேளுங்கள். மேளத்தின் ‘தும் தும்’ வந்து சேரும்; ஜால்ராவின் ‘கிணுகிணு’ வராது. மேளத்தின் அலை சில மீட்டர் நீளம். இலை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஜால்ராவின் அலை விரல் நீளம்தான். இலையிலும் கிளையிலும் பட்டுச் சிதறிவிடுகிறது, காற்றும் கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. நீலத்துக்கு நடந்ததேதான் ஜால்ராவுக்கும். ஒலியைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவரும் அதே ரேலேதான்.

நம் ஊர்க்காரர்களுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், 1921-ல் கப்பலில் வரும்போது கடலின் நீலத்தைப் பார்த்து, தண்ணீரும் ஒளியைச் சிதறடிக்கிறது என்று காட்டினார். சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறமே மாறுகிறது என்று 1928 பிப்ரவரி 28-ல் கண்டறிந்தார். 1930-ல் நோபல் பரிசு. அந்த ஆய்வில் அவருக்குத் துணைநின்ற கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தவர். குற்றால மலை சேர்ந்திருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர்தான் அதுவும்.

இன்று இரவே நீங்களும் சோதித்துப் பாருங்கள். கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, சில சொட்டுப் பால் விடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் லேசான நீலம். எதிர்ப்பக்கம் போய் டம்ளர் வழியாகப் பார்த்தால் மஞ்சளோ ஆரஞ்சோ தெரியும். பால் கூடிவிட்டால் வெறும் வெள்ளைதான், ஆகவே சொட்டுச் சொட்டாக விடுங்கள்.