காலடியில் கரண்ட் கிடைக்குமா?

"சாமி, நடந்தாலே கரண்ட் வருமாமே? நாங்க போற இடத்துப் படியில ஒன்னு போட்டுத் தர ஏலாதா?"

பதுளைப் பக்கம், மண்சரிவுக்குப் பயந்து லயத்தை விட்டுப் பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்த ஒரு தாய் கேட்டார். கொட்டிலில் குப்பிலாம்பு வெளிச்சத்தில் பிள்ளை படிப்பதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளமாட்டார்கள்.

செய்தி பொய்யல்ல. ஜப்பானில் டோக்கியோ ரயில் நிலைய நுழைவாயில் தரையில் 2006இலும் 2008இலும் இதைப் பரீட்சித்தார்கள். காஸ் அடுப்பு மூட்டும் லைட்டரை அழுத்தினால், உள்ளேயுள்ள சிறு துண்டு அடிபட்டுப் பொறி பறக்கிறதல்லவா? அதே வித்தைதான். வேறு சில தரைகளில், சைக்கிளில் இருப்பது போன்ற டைனமோ சுழலும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மிதித்துத் தரை 5 மில்லிமீற்றர் அமிழ்ந்தால் கிடைப்பது சுமார் 3 யூல் சக்தி. 5 வோட் எல்.ஈ.டி. பல்ப் ஒரு மணிநேரம் எரிய 18,000 யூல் வேண்டும். துளியும் வீணாகாவிட்டாலும் 6,000 மிதி! பாதி வீணானால் 12,000. சனம் நெரியும் டோக்கியோவுக்கு அது சரி. இருபது வீட்டுப் படிக்கட்டுக்கு?

தரையை இன்னும் அமிழ விடலாமே என்பீர்கள். அப்போது நடப்பது மணலில் நடப்பது போலாகும். கொழுந்து மூட்டையோடு மலை ஏறி இறங்கிய காலிடம்தான் அந்தச் சக்தியையும் கேட்கிறோம். அது சாப்பிட்ட ரொட்டியிலிருந்து வரவேண்டும். பிரேசிலின் ரியோ நகரச் சேரியொன்றில் 2014இல் உதைபந்தாட்டத் திடலுக்கடியில் சுமார் 200 மிதிதகடுகள் பதித்தார்கள். அங்கும் சூரியத் தகடுகள் துணைக்கு வந்தன.

நமது மலையில் இறங்குவது தண்ணீர். செக்கனுக்கு 5 லீற்றர் நீர் 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால், பாதி வீணானாலும் நாற்பதுக்கு மேற்பட்ட அத்தகைய பல்ப்கள் எரியும். அந்தக் காலத்தில் தோட்டத் தொழிற்சாலைகள் பலவற்றை ஓடைநீரே ஓட்டியது. ஒன்று மட்டும்: சரியக்கூடிய மலையில் வாய்க்கால் வெட்டாதீர்கள். கசியும் நீர் மண்ணை இளக்கிவிடும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்கவில்லை. முதலில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவன அதிகாரிகளிடம் இடத்தைக் காட்டுங்கள். ஓடை இல்லாத குடியேற்றத்துக்கு ஒரு சிறு சூரியத் தகடும் பற்றரியும் போதும்.

அந்தத் தாயிடம் கையால் சுழற்றும் டோர்ச் ஒன்றைக் கொடுத்தேன். கால் மிதியைவிடக் கை சுழற்றுவதற்குப் பலன் அதிகம். மழை இரவில் பிள்ளைகளை எழுப்பி வெளியே கொண்டுபோக அந்த வெளிச்சம் உதவும்.